97 விழுக்காடு என்றால் நோய் திரும்புகிறதா?

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய எட்டு வயது மகனுக்கு பி-வகை லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய். முதல் சிகிச்சை முடிவதற்குள்ளேயே நோய் திரும்பியது. மறுபடியும் கீமோ கொடுத்து நோயை அடக்கி, கோலாலம்பூரில் அவனுடைய அக்காளின் ஸ்டெம் செல்களை ஏற்றி நான்கு மாதம் ஆகிறது. 30ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் கைமெரிசம் (இரத்தத்தில் கொடையாளரின் அணுக்கள் எவ்வளவு என்னும் அளவு) 100 விழுக்காடு என்று வந்த அறிக்கை, 110ஆம் நாளில் 97 என்று வந்திருக்கிறது. “இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். நோய் திரும்பப் போகிறதா என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாதா, இடையில் வந்த தோல் தடிப்பு நல்லதா கெட்டதா, பணம் கட்டி வெளிநாட்டில் இன்னும் நுட்பமான சோதனை செய்து பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் மருத்துவன் அல்லன். கோலாலம்பூரில் இரத்தவியல் ஆய்வகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதி அனுப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். ஆகவே உங்கள் மகனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த 97 எப்படிப் பிறக்கிறது, அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம், எதை வைத்து மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்பதை மட்டும் விளக்குகிறேன். முதலில் நேரடியான பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நோய் திரும்புகிறது என்றும் சொல்ல முடியாது, திரும்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்த எண் எந்தப் பக்கம் போகிறது என்பதும், எலும்பு மஜ்ஜையில் எடுக்கப்படும் வேறொரு சோதனை என்ன சொல்கிறது என்பதும் சேர்ந்தால்தான் பொருள் கிடைக்கும். மருத்துவர் கேட்கும் இரண்டு வாரம் அலட்சியத்தால் வந்ததன்று.

முன்கூட்டியே அறிதல் என்று நாம் ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன் எந்தக் குடியிருப்பில் வெள்ளம் ஏறக்கூடும் என்று நிலத்தின் தாழ்வைப் பார்த்துச் சொல்வது ஒன்று. மழை கொட்டும்போது பாலத்தூணில் உள்ள நீர்மட்டக் குறியை மணிக்கு ஒருமுறை பார்ப்பது மற்றொன்று. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு முன்பே தெரிந்த விவரங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவை ஆபத்து எவ்வளவு என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லா. மாற்றுக்குப் பின் எடுக்கும் கைமெரிசம், எம்ஆர்டி (பதுங்கியிருக்கும் மிச்சப் புற்றணுவைத் தேடும் சோதனை) போன்றவை இரண்டாம் வகை. அவை வரப்போவதைச் சொல்பவை அல்ல, சத்தமில்லாமல் ஏற்கெனவே தொடங்கிவிட்டதைக் கண்ணுக்குத் தெரியுமுன் பிடிப்பவை. இந்த வேறுபாட்டை யாரும் விளக்காததால்தான், ஒவ்வோர் அறிக்கையும் வரும்போது பெற்றோர் அதைத் தீர்ப்பைப் போல வாங்கிப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கு ஒரு கணக்கு உதவும். நோய் முதலில் கண்டறியப்படும் நேரத்தில் ஒரு பிள்ளையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். கீமோவுக்குப் பின் நுண்ணோக்கியில் பார்த்து, மஜ்ஜையில் பிளாஸ்ட் என்னும் முதிராத அணுக்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டன, இரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது என்றால் அதை ரெமிஷன் என்கிறோம். ஆனால் அந்த நிலையிலும் ஆயிரம் கோடி அணுக்கள் வரை பதுங்கியிருக்க இடம் உண்டு. பத்தாயிரத்தில் ஓர் அணு என்ற அளவுக்கு இறங்கினாலும் உடல் முழுவதையும் கூட்டினால் பத்துக் கோடி அளவில் மிச்சம் இருக்கலாம். இந்தக் கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை அளப்பதுதான் எம்ஆர்டி. மாற்று சிகிச்சை அந்த மிச்சத்தை இரண்டு வழிகளில் தாக்குகிறது: ஏற்றுமுன் கொடுக்கும் கதிர்வீச்சும் கடும் மருந்தும் ஒரு வழி, ஏற்றிய பின் அக்காளின் நோயெதிர்ப்பு அணுக்கள் தம்பியின் புற்றணுக்களை அந்நியர் என்று அடையாளம் கண்டு கொல்வது இன்னொரு வழி. இரண்டிலும் தப்பியவை தலைதூக்கினால் நோய் திரும்புகிறது. அது பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டு தாண்டிய பின் திரும்புவது குறைவு.

மாற்றுக்கு முன் தெரிந்தவற்றில் மிக வலுவானது, ஏற்றும் நாளுக்குச் சற்று முன் எடுத்த எம்ஆர்டி. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த பேட்டர் பாடரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் மகனைப் போல நோய் ஒருமுறை திரும்பிய பின் மாற்று செய்துகொண்ட 91 பிள்ளைகளைப் பற்றியது. மாற்றுக்கு முன் பத்தாயிரத்தில் ஒன்று அல்லது அதற்கு மேல் புற்றணு இருந்த 45 பேரில் 57 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது; அதற்குக் கீழே இருந்த 46 பேரில் 13 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் எல்லாரும் 57ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: ஆபத்துக் கூட்டத்தில் இருந்தவர்களிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பவில்லை, பாதுகாப்பான கூட்டத்தில் இருந்தவர்களிலும் எட்டில் ஒருவருக்குத் திரும்பியது. மிகச் சிறந்த முன்குறிப்பே இவ்வளவுதான் பேசும்.

எம்ஆர்டி நமக்குப் புதிய சரக்கு அன்று. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து 2002 முதல் 2011 வரை 556 பிள்ளைகளுக்கு நடத்திய மா-ஸ்போர் ஆய்வு, 33ஆம் நாளிலும் 12ஆம் வாரத்திலும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும்) முறையில் எம்ஆர்டியை அளந்து, அதை வைத்தே யாருக்கு மருந்தைக் குறைக்கலாம் என்று முடிவு செய்தது. 1987இல் கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் இந்த நாட்டின் முதல் மஜ்ஜை மாற்று நடந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்; நம் ஊரில் இதெல்லாம் எங்கே என்று பெருமூச்சு விடுவோர் என் உறவினர்களிலேயே உண்டு.

மற்ற முன்குறிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நோய் எத்தனையாவது முறை அடங்கிய நிலையில் மாற்று நடந்தது, முதல்முறை திரும்பியது சீக்கிரமா தாமதமா, புற்றணுவின் மரபணுவில் என்ன பிழை இருந்தது, பிள்ளை கைக்குழந்தையா என்பவை எல்லாம் தராசில் ஏறும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பிய நோய், எல்லாம் முடிந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியதைக் காட்டிலும் முரடானது. ஏற்றுமுன் கொடுத்த தயாரிப்புச் சிகிச்சையும் முக்கியம்: நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஃபோரம் என்னும் பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021இல் வெளியானபோது, உடல் முழுவதும் கதிர்வீச்சும் எட்டோபோசைடு என்னும் மருந்தும் பெற்றவர்களிடம் இரண்டு ஆண்டில் நோய் திரும்பியது 12 விழுக்காடாகவும், கதிர்வீச்சு இல்லாமல் மருந்துகள் மட்டும் பெற்றவர்களிடம் 33 விழுக்காடாகவும் இருந்தது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிப்பதை ஆய்வாளர்கள் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். உங்கள் மகனுக்கு எது கொடுக்கப்பட்டது என்பது கோப்பில் இருக்கும். ஆனால் இவை எல்லாம் முடிந்துபோன செய்திகள்; இப்போது மாற்ற முடியாதவை. அவை செய்வதெல்லாம், எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான்.

தோல் தடிப்பைப் பற்றி. கொடையாளரின் அணுக்கள் பிள்ளையின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்குவதை ஜிவிஎச்டி என்கிறோம். அதே படைதான் புற்றணுவையும் தாக்குகிறது. வட அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழுவின் ஆய்வொன்றில், மாற்று முடிந்து 55ஆம் நாளுக்குள் ஜிவிஎச்டி தலைகாட்டாத பிள்ளைகளிடம் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. மாற்றுக்கு முன் எம்ஆர்டியும் இருந்து, ஜிவிஎச்டியும் வராதவர்கள் மிகுந்த ஆபத்துக்கு உள்ளானார்கள். ஆகவே மிதமாக வந்து மருந்துக்கு அடங்கிய தடிப்பைப் பார்த்து மருத்துவர் சற்றே நிம்மதி அடைந்தால் வியப்பதற்கில்லை. அதற்காக, தடிப்பு வரட்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். கடுமையான ஜிவிஎச்டி பிள்ளையின் உயிரையே பறிக்கக்கூடியது. தடிப்பு வராததால் நோய் கட்டாயம் திரும்பும் என்பதும் இல்லை.

இனி அந்த 97. கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளியைப் பார்த்திருப்பீர்கள். கைமெரா என்பது கிரேக்கரின் யாளி. ஓர் உடலுக்குள் இருவரின் அணுக்கள் இருப்பதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். மாற்று வெற்றி பெற்றால் உங்கள் மகனின் தோலும் முடியும் அவனுடையவை, இரத்தம் அக்காளுடையது. இரத்தத்தில் உள்ள அணுக்களில் எத்தனை விழுக்காடு அக்காளுடையவை என்பதையே கைமெரிசம் அளக்கிறது; 97 என்றால் மீதி 3 அவனுடைய அணுக்கள்.

அதை அளக்கப் பரவலாகப் பயன்படுவது எஸ்டிஆர் முறை. நம் டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் பலமுறை அடுக்கி வரும்; எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். காவல்துறையினர் குற்றவாளியை அடையாளம் காணப் பயன்படுத்தும் அதே சங்கதிதான். கருவியில் ஓட்டினால் திரையில் கூர்மையான சிகரங்கள் எழும்: கொடையாளருடையது உயரமாக நிற்க, பிள்ளையுடையது அதன் அருகே சிறு மேடாகக் கிடக்கும். இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டு விழுக்காடு போடுகிறோம். இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பெரிய சிகரத்துக்கும் முன்னால், ஓர் அடுக்கு குறைந்த இடத்தில், ஸ்டட்டர் என்னும் போலிச் சிகரம் ஒன்று எழும். அது பெரிய சிகரத்தின் பத்தில் ஒரு பங்கு வரைகூட உயரக்கூடும். பிள்ளையின் உண்மையான சிகரம் சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொடையாளர் உடன்பிறந்தவர் என்றால் இன்னொரு தொல்லை: ஒவ்வோர் இடத்திலும் இருவருக்கும் அப்படியே ஒத்துப்போவதற்குக் குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, ஒத்துப்போன இடம் நமக்குப் பயன்படாது. பதினைந்து, பதினாறு இடங்களைச் சோதித்தாலும் அக்காள் தம்பிக்கு உருப்படியாகத் தேறுவன சில மட்டுமே என்று ஆகிவிடும்.

இத்தனையையும் தாண்டி இந்த முறை காணும் மிகச் சிறிய அளவு நூற்றில் ஒன்று முதல் ஐந்து வரைதான். அதாவது 97 என்பது முறையின் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் எண். 100 என்று வந்த அறிக்கையும், அவனுடைய அணு ஒன்றுகூட இல்லை என்று சொல்லவில்லை. கண்ணுக்கு எட்டவில்லை என்றுதான் சொன்னது. உங்கள் வீட்டுச் சூழலில் ஒரு வசதி உண்டு: கொடையாளர் பெண், பெற்றுக்கொண்டவன் ஆண். அவனுடைய இரத்தத்தில் ஒய் குரோமோசோம் தென்பட்டால் அது அவனுடைய பழைய அணுவிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே எக்ஸ், ஒய் குரோமோசோம்களைச் சாயமேற்றி எண்ணும் ஃபிஷ் முறையிலோ, ஒய்யை மட்டும் தேடும் பிசிஆர் முறையிலோ இதைச் சரிபார்க்க முடியும். பின்னது எஸ்டிஆரைவிடப் பல மடங்கு நுட்பமானது. உங்கள் ஆய்வகத்தில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, அந்த 3 விழுக்காடு யார்? அவனுடைய அணு என்றவுடன் புற்றணு என்று நினைத்துவிடுகிறோம். கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் தப்பிப் பிழைத்த, நோயற்ற டி-அணுக்களாக (நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) இருக்கலாம். அவனுடைய நல்ல ஸ்டெம் செல்கள் சில மிஞ்சி இரத்தம் ஊறுவதாகவும் இருக்கலாம். இதற்குத்தான் இரத்தத்தை வகைவகையாகப் பிரித்து, டி-அணுவில் எவ்வளவு, பி-அணுவில் (இந்த நோய் பிறக்கும் வகை) எவ்வளவு, சிடி34 என்னும் மேற்பரப்பு அடையாளம் கொண்ட முன்னோடி அணுவில் எவ்வளவு என்று தனித்தனியே பார்ப்பது உண்டு. மூன்று விழுக்காடும் டி-அணுக்களில் அடங்கிவிட்டால் கவலையின் நிறமே மாறிவிடும். சிடி34 அணுக்களில் ஏறியிருந்தால் உடனே மஜ்ஜையைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆய்வகத்தில் நாங்கள் போடும் ஒரு மனக்கணக்கைச் சொல்கிறேன். 3 விழுக்காடு என்றால் பத்தாயிரத்தில் முந்நூறு. எம்ஆர்டி சோதனையோ பத்தாயிரத்தில் ஒன்றையே காட்டிக்கொடுக்கும். அந்த 3 விழுக்காடும் புற்றணுக்களாகவே இருந்தால், அதே சமயத்தில் எடுத்த மஜ்ஜையில் எம்ஆர்டி அமைதியாக இருக்க வழியே இல்லை. காதைக் கிழிக்கும் அளவுக்குக் கத்தியிருக்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் கைமெரிசம் அறிக்கையைவிட, 100ஆம் நாளையொட்டி மஜ்ஜை எடுத்தார்களா, அதில் எம்ஆர்டி பார்த்தார்களா, என்ன வந்தது என்பதே பெரிய கேள்வி. மஜ்ஜை எடுக்கவில்லை என்றால், அடுத்த முறை இரத்தத்தோடு மஜ்ஜையும் எடுப்பார்களா என்று கேட்பது முறையான கேள்விதான். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எம்ஆர்டிக்கும் தனக்கே உரிய குறைகள் உண்டு. ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை, அணுக்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களை வண்ண ஒளியில் பார்த்துப் புற்றணுவைப் பொறுக்குகிறது. மாற்றுக்குப் பின் சில மாதங்களில் அக்காளின் மஜ்ஜை புதிதாக பி-அணுக்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யும். ஹிமட்டோகோன் எனப்படும் அந்த இளம் அணுக்கள் பார்வைக்குப் புற்றணுவின் தம்பிபோல இருக்கும். அனுபவம் குறைந்த கை அவற்றைப் புற்றணு என்று எண்ணிவிடுவது உண்டு. மாறாக, மாற்றுக்கு முன், சிடி19 அடையாளத்தைக் குறிவைத்துத் தாக்கும் பிளினாட்டுமொமேப் மருந்தோ கார்-டி அணுச் சிகிச்சையோ பெற்ற பிள்ளையிடம் புற்றணு தன் சிடி19 அடையாளத்தையே உதறிவிட்டு ஒளிந்திருக்கக்கூடும். சிடி19ஐ வைத்தே தேடும் ஆய்வகம் அதைத் தவறவிடும். உங்கள் மகன் அப்படிப்பட்ட மருந்து பெற்றிருந்தால் அந்தச் செய்தி சோதனைக் கோரிக்கைத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மஜ்ஜை எடுக்கும் விதத்திலேயே கோட்டை விடுவதும் உண்டு. இடுப்பெலும்பில் ஊசி இறங்கியதும் முதலில் இழுக்கும் இரண்டு, மூன்று மில்லிலிட்டர்தான் உண்மையான மஜ்ஜை. அதன்பின் இழுக்க இழுக்கச் சுற்றியுள்ள இரத்தம் வந்து கலக்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒருமுறை ஒரு சிறுமியின் மாதிரி ஊதா மூடிக் குழாயில் வந்தது. பார்வைக்கு நல்ல நிறம், நிறைய அளவு. ஃப்ளோவில் ஓட்டினால் மஜ்ஜைக்கே உரிய முன்னோடி அணுக்களும் மாஸ்ட் அணுக்களும் கிட்டத்தட்ட இல்லை. வெறும் இரத்தம் போலவே இருந்தது. விசாரித்தபோது, முதல் இழுவையை வேறொரு சோதனைக்குக் கொடுத்துவிட்டு நான்காவது இழுவையை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எம்ஆர்டி இல்லை என்று அறிக்கை எழுத எல்லாம் தயாராக இருந்தது. எழுதவில்லை, மாதிரி தகுதியற்றது என்று எழுதித் திருப்பினோம். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு ஊசி. தாயார் எங்கள் மேல் கோபப்பட்டார், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. அன்று முதல், இல்லை என்னும் முடிவைப் பார்த்தால் முதலில் மாதிரியின் தரத்தைப் பற்றிய வரியைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உங்கள் அறிக்கையிலும் அப்படி ஒரு வரி இருக்கும்.

ஓர் எண்ணைவிட எண்களின் போக்கு பெரிது என்று சொன்னதற்கு ஆதாரம் பாடரின் இன்னொரு ஆய்வு. 2004இல் வெளியான அதில் 163 பிள்ளைகளின் கைமெரிசத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். சொந்த அணுக்கள் கொஞ்சம் இருந்தும் ஏறாமலே நின்றவர்களும், படிப்படியாகக் குறைந்தவர்களும், முழுக்க முழுக்கக் கொடையாளர் அணுக்களாகவே இருந்தவர்களுக்கு இணையாகவே வாழ்ந்தார்கள். ஆபத்து, சொந்த அணுக்கள் ஏறிக்கொண்டே போன 46 பேரிடம் இருந்தது. அவர்களில் 31 பேருக்கு, நோய் வெளிப்படுவதற்கு முன்பே நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 37 விழுக்காட்டினர் நோயின்றி இருந்தார்கள். கொடுக்கப்படாத 15 பேரில் ஒருவர்கூட இல்லை. இதைக் கேட்டதும், உடனே ஏதாவது செய்யுங்கள் என்று மருத்துவரை நெருக்கத் தோன்றும். ஆனால் இது குலுக்கிப் பிரித்த ஆய்வு அன்று. அந்த 15 பேரில் சிலருக்கு நோய் மிக வேகமாக ஏறி, சிகிச்சைக்கே நேரம் இல்லாமல் போயிருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஏறுமுகத்தைச் சீக்கிரம் பிடிப்பவருக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது என்பது எனக்குப் போதுமான பாடம். 100, 100, 97 என்ற மூன்று புள்ளிகளில் சொந்த அணுக்களின் ஏறுமுகம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அடுத்து 99 என்று வந்தால் அது அளவீட்டின் தடுமாற்றம். 97ஆகவே நின்றால் அந்த அணுக்கள் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 92 என்று வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இரத்தப் புற்றணு நாள்கணக்கில் இரட்டிப்பாகக்கூடியது என்பதால் சில ஐரோப்பிய மையங்களில் முதல் மாதங்களில் வாரந்தோறும்கூட எடுக்கிறார்கள். இரண்டு வாரம் என்பது நியாயமான இடைவெளி. இரண்டு மாதம் என்று சொல்லியிருந்தால் நானே தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருப்பேன்.

எம்ஆர்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒருமுறை மட்டும் மிகச் சிறிய அளவில் தென்பட்டு மறைவதற்கும், மீண்டும் மீண்டும் தென்படுவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு உண்டு. மாற்று முடிந்து 30ஆம் நாளில் தென்படும் சிறு மிச்சத்தைக் கொடையாளரின் படை பின்னர் விழுங்கிவிடக்கூடும். ஓர் ஆண்டை ஒட்டித் தென்பட்டால் அந்தப் படை ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள். நாள் செல்லச் செல்ல எம்ஆர்டியின் எடை கூடுகிறது என்பதைப் பல நாடுகளின் பிள்ளைகளைச் சேர்த்து 2019இல் வெளியான ஆய்வும் காட்டியது.

சீக்கிரம் பிடித்து என்ன செய்வார்கள்? சைக்ளோஸ்போரின் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை விரைவாகக் குறைப்பார்கள். அக்காளின் லிம்ஃபோசைட்டுகளை, அதாவது நோயெதிர்ப்பு அணுக்களை, சிறு அளவில் மறுபடியும் ஏற்றுவார்கள். லிம்ஃபோசைட் ஏற்றும் இந்த முறையை 1990இல் ஜெர்மனியில் கோல்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகள் மூவரிடம் செய்து காட்டினார்கள். பிள்ளைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில் அதன் பலன் அவ்வளவு வலுவாக இல்லை, நோய் பெருகிய பின் ஏற்றினால் பெரும்பாலும் வீண். இரண்டுமே ஜிவிஎச்டியைக் கிளறிவிடும் என்பதால்தான் வெறும் 97ஐப் பார்த்து மருத்துவர் கை வைக்கத் தயங்குகிறார். அளவீட்டுத் தடுமாற்றத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கடும் ஜிவிஎச்டியை வரவழைப்பது பெரும் பிழை. எம்ஆர்டி உண்மையாகவே இருந்தால் பிளினாட்டுமொமேப், கார்-டி, இரண்டாவது மாற்று ஆகியவை இன்று உண்டு. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி சிகிச்சையே இப்படி மறுபடி மறுபடி நோய் திரும்பிய பிள்ளைகளுக்கும் இளையோருக்குமானது. விலையைப் பற்றிப் பேசினால் இந்தப் பதில் வேறு திசையில் போய்விடும்.

தந்தையோ தாயோ பாதி ஒத்த கொடையாளராக இருந்த வீடுகளில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. அந்த வகை மாற்றுக்குப் பின் நோய் திரும்பும்போது, புற்றணு தன் ஆறாம் குரோமோசோமில், கொடையாளரோடு ஒத்துப்போகாத பாதி எச்எல்ஏவை (தன் அணுவா அந்நிய அணுவா என்று காட்டும் அடையாளத்தை)க் கழற்றி எறிந்துவிட்டு, கொடையாளர் படையின் கண்ணுக்குத் தெரியாமல் போவதை மிலான் நகர ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு அதே கொடையாளரின் லிம்ஃபோசைட்டை ஏற்றிப் பயனில்லை. அக்காளின் எச்எல்ஏ முழுதாக ஒத்துப்போன உங்கள் மகனுக்கு இது பொருந்தாது.

வெளிநாட்டுச் சோதனை. நீங்கள் கேள்விப்பட்டது, டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் புதிய தலைமுறை வரிசையறிதல் முறையாக இருக்க வேண்டும். அது பத்து லட்சத்தில் ஓர் அணு வரை தேடும். மாற்றுக்கு முன் அதில்கூட எதுவும் தென்படாத பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு வரை நோய் திரும்பவே இல்லை என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியதால்தான் அதன் பெயர் பரவியது. ஆனால் அதைச் செய்ய, நோய் முதலில் கண்டறியப்பட்டபோதோ திரும்பியபோதோ எடுத்த, புற்றணு நிறைந்த மாதிரி வேண்டும். அந்தப் புற்றணுவுக்கே உரிய மரபணு முத்திரையை அதிலிருந்து படித்துக்கொண்டால்தான் பிறகு அதைத் தேட முடியும். ஆகவே பணம் கட்டுமுன், பழைய மஜ்ஜையின் டிஎன்ஏ எந்த ஆய்வகத்திலாவது உறைநிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உள்ளூரிலேயே பிசிஆர் முறையில் லட்சத்தில் ஒன்று வரை தேட வாய்ப்பு உண்டு. இப்போதைய உங்கள் கேள்வி நூற்றுக்கு மூன்று யார் என்பது. அதற்குப் பத்து லட்சத்தில் ஒன்றைத் தேடும் கருவி தேவையில்லை.

இரத்தத்தில் எதுவும் தெரியாமலே நோய் திரும்பும் முக்கிய இடங்கள் இரண்டு: மூளையைச் சூழ்ந்த திரவமும், ஆண் பிள்ளைகளின் விரையும். காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், முகத்தின் ஒரு பக்கம் இழுத்தல், வலியே இல்லாமல் விரை ஒரு பக்கம் வீங்குதல் என்று ஏதாவது இருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். குளிப்பாட்டும்போது கவனியுங்கள், எட்டு வயதில் வெட்கம் வந்துவிடும், அவன் தானாகச் சொல்ல மாட்டான்.

அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டியவை: 97 இரத்தத்திலா மஜ்ஜையிலா, மொத்த அணுக்களிலா பிரித்தெடுத்த அணுக்களிலா, எத்தனை இடங்களை வைத்துக் கணக்கிட்டார்கள், 100ஆம் நாள் மஜ்ஜையின் எம்ஆர்டி என்ன, சைக்ளோஸ்போரினை எப்போது குறைக்கத் திட்டம். இதையெல்லாம் தாதியிடம் கொடுத்தனுப்பாமல், ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையிலேயே கொடுங்கள். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் வாயால் கேட்பது பாதி மறந்துவிடும். அலைச்சலை மிச்சப்படுத்த இந்த முறை பினாங்கிலேயே இரத்தம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தால், கொடுக்கலாம், ஆனால் குழாய் முன்பு சோதித்த அதே ஆய்வகத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வேறோர் ஆய்வகம், வேறு இடங்களை வைத்து, வேறு கருவியில் போடும் 95ஐ, இவர்கள் போட்ட 97க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.